மேலே ஒரு பேரிங், கீழே ஒரு பேரிங்: வீட்டு பேண்ட் சா கைடுகள் பற்றி ஒரு விமர்சனம்

சொந்தமாக பேண்ட் சா மில் செய்கிறவர்கள் கையில் சுற்றிக்கொண்டிருக்கிற வரைபடங்களில் ஒரே ஒரு பகுதியைப் பற்றி எழுதணும்னு ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பிளேடு கைடு. அறுபடுகிற கட்டைக்கு இரண்டு பக்கமும் நின்று ரம்பப் பட்டையைத் தாங்கிப் பிடிக்கிற சின்ன அமைப்பு. சட்டம், சக்கரம், மோட்டார், தண்டவாளம் எல்லாத்துக்கும் பக்கம் பக்கமாக விளக்கம் இருக்கும். கைடு என்று வரும்போது மட்டும் "மேலே ஒரு பேரிங், கீழே ஒரு பேரிங், முதுகுக்கு ஒரு பேரிங்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரியோடுதான் எனக்குச் சண்டை.

சண்டை போடுகிற அளவுக்கு அதில் என்ன இருக்கு? எங்கள் பக்கம் இருக்கு. சிங்கவரத்துக்கு வெளியூர்க்காரர்கள் வருவது குடைவரை ரங்கநாதரைப் பார்க்க. உள்ளூர்க்காரனுக்கு மலையடியில் இருக்கிற வேம்பும் புளியும் பூவரசும்தான் கண்ணில் படும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல். மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை. மண் ஊறி வேரோடு சாய்கிற மரம் ஒவ்வொன்றும் அநேகமாக விறகு விலைக்குத்தான் போகிறது. ஒற்றை மரத்துக்காக வண்டி பிடித்து, கட்டையை ஏற்றி இறக்கி மில்லுக்குக் கொண்டுபோனால் கூலிக்கே காசு போய்விடும். தோட்டத்திலேயே ஒரு மில் இருந்தால் நூறு வருஷத்துப் புளியமரம் அடுப்புக்குப் போகாமல் பலகையாகும்.

பேண்ட் சா ஏன் என்பதற்கும் ஒரு கணக்கு. வட்ட ரம்பம் ஒவ்வொரு அறுப்பிலும் 5, 6 மி.மீ. மரத்தைத் தூளாக்கும். சிறு மில்லின் மெல்லிய பட்டை ஏறக்குறைய 2 மி.மீ.யோடு நிறுத்திக்கொள்ளும். பத்து அறுப்புக்கு 30 மி.மீ.க்கு மேல் மிச்சம். ஒரு கட்டைக்கு ஒரு முழுப் பலகை. ஆனால் அந்த மெல்லிய தன்மைதான் தொல்லையும். இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி 1808-லேயே பேண்ட் சாவுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அறுந்துபோகாத பட்டையும் தாங்கும் இணைப்பும் இல்லாததால் அது உபயோகத்துக்கு வர இன்னும் நாற்பது ஐம்பது வருஷம் ஆச்சு. சக்கரம் சுற்றுவது எப்போதுமே சுலபமான பாதி. பட்டையைச் சொன்ன இடத்தில் நிற்க வைப்பதுதான் மீதிப் பாதி.

ஊருக்குப் பக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் அப்படி ஒரு மில் செய்தார். புதுப்பேட்டையில் வாங்கின பழைய கார் சக்கரங்கள், 1,440 சுற்று மோட்டார், 32 மி.மீ. அகலமும் 1 மி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதல் தடிப்பும் உள்ள பட்டை. சட்ட வேலை பிரமாதம். கைடுக்கு வரைபடம் சொன்னபடி ஒவ்வொரு பக்கமும் மூன்று 6202 பேரிங். முதல் வேப்பங்கட்டையிலேயே பலகை அலையலையாக வந்தது. மேல் கீழ் பேரிங்கை இன்னும் நெருக்கினார். அலை குறையவில்லை, பேரிங் சூடானது. அடுத்து பேரிங் எண்ணிக்கையைக் கூட்டினார். இப்படிக் கூட்டிக்கொண்டே போவதைப் பல மில்களின் படங்களில் பார்க்கலாம். சிலதில் ஒரு பக்கத்துக்கு ஆறு பேரிங் வரைக்கும் போயிருக்கிறார்கள்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் புரியும். தச்சுப் பட்டறையில் செங்குத்தாக நிற்கிற சின்ன பேண்ட் சாவில் கைடு இப்படித்தான் இருக்கும். அங்கே பட்டையின் அகலம் கால் அங்குலம், அரை அங்குலம். வளைவு வெட்டும்போது பட்டை முறுக்கிக்கொள்ளக் கூடாது. அதனால் இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கணும். தோட்டத்து மில்லில் பட்டை படுத்துக்கொண்டு நேர்கோட்டில் போகிறது, இரண்டு அடி அகலக் கட்டைக்குள் நுழைகிறது. இங்கே கைடின் வேலை வேறு. பட்டையின் தாங்கலில்லாத நீளத்தைக் குறைக்கணும், ஒரு அழுத்தத்தோடு அதை ஒரே மட்டத்தில் நிறுத்தணும். அந்த மெஷினின் விடையை இந்த மெஷினின் கேள்விக்கு எழுதினால் மதிப்பெண் கிடைக்காது.

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம், பெரிய கணக்கு இல்லை. 1 மி.மீ. தடிப்புள்ள தகடு மேலும் கீழும் வளைவதற்குத் தன் சொந்த விறைப்பால் கிட்டத்தட்ட எந்த எதிர்ப்பும் காட்டாது. அதை நேராக வைத்திருப்பது இழுவிசை மட்டும்தான், வீணைத் தந்தி மாதிரி. சதுர மி.மீ.க்கு 14 கிலோ என்று இழுத்தால், பல்லின் பள்ளம் போக மிஞ்சுகிற பரப்புக்கு ஒரு பக்க இழுவிசை ஏறக்குறைய 380 கிலோ வரும். இப்போது நடுவில் ஒரு கணு 10 கிலோ விசையோடு பட்டையை மேலே தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். கைடுகளுக்கு இடையே 600 மி.மீ. இருந்தால் பட்டை சுமார் 4 மி.மீ. விலகும். 300 மி.மீ. இருந்தால் 2 மி.மீ. கைடு எத்தனை பேரிங் என்பது இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை பாருங்க. இடைவெளி வருகிறது, இழுவிசை வருகிறது. நம்ம பட்டறைக்காரர் இரண்டு கைடையும் சட்டத்தில் அசையாமல் வெல்டு பண்ணியிருந்தார். ஒன்பது அங்குலக் கட்டையை அறுக்கும்போதும் இடைவெளி முழுசாக இரண்டரை அடி. ஒரு கைடு நிலையாக, இன்னொன்று கட்டையின் விளிம்புக்கு ஒன்றிரண்டு அங்குலம் வரை நகர்ந்து வருகிற மாதிரி ஒரு கை மேல். அவர் செய்திருக்க வேண்டிய முதல் செலவு அதுதான். ஆறு பேரிங்கின் விலைகூட ஆகாது.

அடுத்து அந்த "மேலே ஒன்று கீழே ஒன்று". இரண்டு பேரிங்குக்கு நடுவே பட்டை போகணும்னா கொஞ்சம் சந்து விட்டே ஆகணும். அந்தச் சந்துக்குள் பட்டை மேலும் கீழும் அலையும். அந்த அளவுக்குக் கைடே இல்லை என்று அர்த்தம். சந்தை மூடினால் பட்டையை நசுக்கிச் சூடாக்கும். மரத்தூளும் பிசினும் ஒட்டிக்கொண்ட இடத்தில் பட்டை கொஞ்சம் தடித்து வரும், நசுக்கல் இன்னும் மோசமாகும். இந்த இக்கட்டிலிருந்து வெளியே வர நல்ல மில்கள் ஒரு எளிய தந்திரம் செய்கின்றன. பட்டை வளையத்துக்கு உள்ளே, அறுக்கிற பட்டைக்கு மேலே, ஒரே ஒரு ரோலர். அது பட்டையைத் தொட்டபின் இன்னும் 6 மி.மீ. கீழே தள்ளி வைக்கப்படும். பட்டையின் சொந்த இழுவிசையே அதை ரோலரோடு ஒட்ட வைத்துக்கொள்ளும். கீழே பேரிங் எதற்கு?

வெறும் வார்த்தையாகச் சொல்லவில்லை. சக்கரத்தை விட்டுப் பட்டை வெளியேறும் புள்ளியிலிருந்து ரோலர் 250 மி.மீ. தள்ளி இருக்குன்னு வைங்க. 6 மி.மீ. தாழ்த்தினால் கிடைக்கும் சாய்வு, 380 கிலோ இழுவிசை, இரண்டையும் பெருக்கினால் பட்டை ரோலரை அழுத்தும் விசை சுமார் 9 கிலோ. அதாவது அந்த இடத்தில் 9 கிலோவுக்கு மேல் யாராவது கீழே இழுத்தால்தான் பட்டை ரோலரை விட்டுப் பிரியும். அதுவரைக்கும் ஒரு ரோலர் இரண்டு ரோலரின் வேலையைச் சந்தே இல்லாமல் செய்கிறது.

ஆனால் இந்த 6 மி.மீ.யையும் நான் அப்படியே விட்டுவிட மாட்டேன். கால் அங்குலம் என்பது வேதவாக்கு மாதிரி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகிறது. அது ஒரு தூரம். நமக்கு வேண்டியது விசை. ரோலர் சக்கரத்துக்கு நெருக்கமாக 120 மி.மீ.யில் இருந்தால் அதே 6 மி.மீ. 19 கிலோவாகிவிடும், பேரிங் சீக்கிரம் போகும். 500 மி.மீ. தள்ளி இருந்தால் நாலரை கிலோதான். நகர்கிற கைடில் இது இன்னும் வேடிக்கை: கையை உள்ளே தள்ளத் தள்ள அழுத்தம் குறைந்துகொண்டே வரும். சின்னக் கட்டைக்கு இடைவெளியும் குறைவு என்பதால் ஈடாகிவிடுகிறது, சரி. ஆனாலும் உங்கள் சட்டத்தின் நீளம் என்ன என்று பார்க்காமல் ஊரார் எண்ணைப் போடுவதில் அர்த்தமில்லை.

இனி பேரிங்கையே ரோலராக வைப்பது பற்றி. மலிவு, எந்த ஊரிலும் கிடைக்கும், வெளி வளையம் நல்ல கடினமான எஃகு. எல்லாம் உண்மை. ஆனால் யாரும் சுற்று வேகத்தைக் கணக்குப் பண்ணுவதில்லை. 500 மி.மீ. சக்கரம் நிமிடத்துக்கு 960 சுற்று என்றால் (மோட்டாரில் 6 அங்குலப் புல்லி, சக்கரத்தில் 9 அங்குலம்) பட்டையின் வேகம் விநாடிக்கு 25 மீட்டர். 6202-இன் வெளிவிட்டம் 35 மி.மீ. பட்டையோடு உருளும்போது அது நிமிடத்துக்கு 13,600 சுற்று சுற்றுகிறது. ரப்பர் சீல் போட்ட 6202-க்குத் தயாரிப்பாளர் பட்டியல்கள் சொல்லும் உச்ச வேகமே 13,000 பக்கம்தான். ஸ்கேட்டிங் சக்கரத்தில் வரும் 608-ஐப் போட்டால் 21,700 சுற்று. பெரிய பேரிங் போட்டுத் தப்பிக்கலாம்னு பார்த்தால் அதுவும் நடக்காது: 6204 பத்தாயிரத்துச் சொச்சம் சுற்றும், அதன் வரம்பும் அதே பத்தாயிரம்தான். போதாததற்கு, பேரிங் பொதுவாக உள் வளையம் சுற்றுகிற மாதிரி யோசித்துச் செய்யப்படுவது. இங்கே வெளி வளையம் சுற்றுகிறது, தூளும் தண்ணியும் மேலே பட்டுக்கொண்டே. "பேரிங் மாசத்துக்கு ஒண்ணு போகுதுங்க" என்று சொல்கிறவர்கள் மட்டமான பேரிங் வாங்கி ஏமாந்ததாக நினைக்கிறார்கள். பல சமயம் பேரிங்கின் மேல் குற்றமே இல்லை.

அகலம் இன்னொரு குறை. 6202-இன் அகலம் 11 மி.மீ. 32 மி.மீ. பட்டையை 11 மி.மீ. அகலத்தில் தாங்கினால் பட்டை அதன் மேல் ஊஞ்சலாடும். பல் பக்கம் மேலே தூக்கினால் தடுக்க ஆளில்லை. முதுகுக்கு வைக்கிற மூன்றாவது பேரிங் நிலைமை இதைவிடக் கஷ்டம். பட்டையின் முதுகு அந்தப் பேரிங்கின் பக்கவாட்டு முகத்தில் உரசும். உரசி உரசி முதுகு கடினப்பட்டு, சின்ன வெடிப்பு விடும். பட்டை முதுகுப் பக்கமிருந்து அறுந்து போனால் முதலில் சந்தேகப்பட வேண்டிய ஆள் இவர்தான்.

இதுக்கெல்லாம் மருந்து லேத் பட்டறையில் இருக்கு. இரண்டு 6202-ஐ உள்ளே அழுத்திப் பொருத்துகிற மாதிரி ஒரு உறை கடையச் சொல்லுங்க: வெளிவிட்டம் 50 மி.மீ., முக அகலம் 22 முதல் 24 மி.மீ., பின்பக்கம் 60 மி.மீ. விட்டத்துக்கு ஒரு விளிம்பு. விட்டம் 50 ஆனதுமே சுற்று 9,500-க்கு இறங்கிவிடும், அதே பேரிங் இப்போது நிம்மதியாக ஓடும். சாதா இரும்பில் கடைந்தால் சில மாதத்தில் பள்ளம் விழும், இ.என். 31 எஃகில் கடைந்து கடினப்படுத்தினால் நாள்பட வரும். முக அகலத்தில் பேராசை வேண்டாம். பல்லுக்கு அடியில் ரோலர் போனால் பல்லின் விரிப்பை நசுக்கிவிடும். பல்லின் பள்ளம் முழுக்க ரோலருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கணும். விளிம்புக்கும் பட்டை முதுகுக்கும் சும்மா ஓடும்போது ஒன்றரையிலிருந்து 3 மி.மீ. சந்து. சும்மா ஓடும்போதே முதுகு விளிம்பைத் தொட்டால் சக்கர மட்டம் சரியில்லை என்று பொருள்.

ரோலர்தான் ஒரே வழி என்று சொல்லமாட்டேன். வருஷத்துக்கு ஏழெட்டு மரம் அறுக்கிறவருக்கு ஹைலம் கட்டை நல்ல தேர்வு. சுவிட்ச் போர்டுக்குப் போடுவாங்களே, அதே ஹைலம், தடித்த துண்டு. சுற்றும் பாகம் இல்லாததால் சுற்று வேகத் தலைவலி இல்லை. தேய்மானம் கண்ணுக்குத் தெரியும். தேய்ந்தால் அரத்தால் மட்டம் பண்ணி மறுபடி வைக்கலாம். தண்ணி சொட்டிக்கொண்டே இருக்கணும், காய விட்டால் கருகும். நகர்கிற பக்கத்தில் ரோலர், அதன் அடியில் ஒரு தாள் அளவு சந்து விட்டு ஹைலம் கட்டை என்று இரண்டையும் சேர்ப்பது என் சொந்த விருப்பம். கணுவில் பட்டை கீழே முங்கப் பார்க்கும்போது மட்டும் கட்டை வேலை செய்யும், மற்ற நேரம் சும்மா இருக்கும்.

மட்டம் பார்ப்பதில்தான் அநேகம் பேர் அவசரப்படுகிறார்கள். கைடுகளைக் கழற்றி வைத்துவிட்டுச் சக்கரங்களைச் சரிபண்ணி, பட்டை தானாக நேராக ஓடுகிற நிலைக்குக் கொண்டுவரணும். முழு இழுவிசையும் கொடுத்த பிறகே ரோலரை இறக்கணும். பட்டையைக் கைடு இழுத்துப் பிடித்து ஓட்டுகிற மாதிரி இருந்தால் அந்த மில் தன்னோடேயே மல்லுக்கட்டுகிறது. ரோலர் இறங்கினதும், மெஷினின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, 200 மி.மீ. நீளத்தில் ஒரு நேரான சட்டத்தைப் பட்டையின் மேல் கவ்வ வையுங்கள். விரிந்த பல்லின் மேல் உட்காராமல் பல்லுக்கு இடையில் உட்காரணும், இல்லாவிட்டால் அளவு முழுக்கப் பொய். சட்டத்தின் முன்நுனியிலிருந்தும் பின்நுனியிலிருந்தும் கட்டை உட்காரும் படுக்கைக்கு அளந்து பாருங்க. இரண்டும் முக்கால் மி.மீ.க்குள் ஒத்துப்போகணும். முன்நுனி 1 மி.மீ. தூக்கியிருந்தால் பட்டை ஒரு மீட்டர் போவதற்குள் 5 மி.மீ. ஏறப் பார்க்கும். இழுவிசை விடாது. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு சமரசம் ஆகும்: பலகையின் முதல் ஒரு அடி ஏறிக்கொண்டே போய், பிறகு தப்பான ஒரு உயரத்தில் ஒழுங்காக ஓடும். இதே அளவை நகரும் கைடைக் கடைசி வரை வெளியே இழுத்து ஒருமுறை, உள்ளே தள்ளி ஒருமுறை எடுக்கணும். கை தொய்ந்தால் இரண்டு அளவும் ஒத்துப்போகாது.

இந்தக் குறியை வைத்தே நோயையும் கண்டுபிடிக்கலாம். ஆரம்பத்திலிருந்தே ஒரே திசையில் ஏறினால் அல்லது இறங்கினால் கைடின் சாய்வு. கணு வருகிற இடத்தில் மட்டும் தூக்கிப் போட்டால் இழுவிசைக் குறைவு, இல்லாவிட்டால் மழுங்கல். எப்பவும் ஒரே பக்கம் இழுத்தால் பல் விரிப்பு ஒரு பக்கம் கூடுதல். புதுப் பட்டை போட்டு ஒரு அறுப்பு அறுத்துப் பார்க்காமல் கைடில் ஸ்பேனர் வைப்பது வீண் வேலை. அலைக்குக் காரணமாகக் கைடைச் சொல்கிறவர்களில் பெரும்பாலோருக்கு உண்மைக் காரணம் மழுங்கின பட்டை என்பது என் அபிப்பிராயம்.

வரைபடங்கள் கண்டுகொள்ளாத இன்னொரு சங்கதி, நம்ம மரமும் நம்ம வெயிலும். அவை பெரும்பாலும் பைன் மாதிரி மென்மையான மரத்தை மனசில் வைத்து வரைந்தவை. வேம்பு பிசின் விடும். காய்ந்த புளியின் வைரம் பட்டையைத் தள்ளுகிற தள்ளு தனி. சாலையோர மரத்தில் எப்போது ஆணி வரும் என்று சொல்ல முடியாது. ரோலருக்கு முன்னால் பட்டையைத் துடைக்க ஒரு தடித்த ரப்பர் துண்டு, மேலே சோப்புத் தண்ணி சொட்டு, இது இரண்டும் இங்கே கட்டாயம். வெயில் விஷயம் இன்னும் நுணுக்கம். திருகு மட்டும் போட்டு இறுக்கின மில்லில், சட்டம் சூடாகாமல் பட்டை மட்டும் சராசரியாக 20 டிகிரி சூடானால், விரிவடைந்தே இழுவிசையில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும். காலையில் நேராக அறுத்த மில் பதினொரு மணிக்கு அலை போட ஆரம்பிப்பதன் ரகசியம் இது. திருகோடு ஒரு கனமான ஸ்பிரிங் சேர்த்தால் போதும். வேலை நின்றதும் இழுவிசையைத் தளர்த்தி வைக்கவும் மறக்காதீங்க.

ஒரு எச்சரிக்கை, தொழில்நுட்பத்துக்கு வெளியே. கூடலூர் பக்கத்து மரவெட்டு தொடர்பாக 1995-ல் தொடங்கின கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில், 1996 டிசம்பர் 12-ல் உச்சநீதிமன்றம் போட்ட உத்தரவிலிருந்து நாடு முழுக்க மர அறுவை மில்களுக்குக் கெடுபிடி ஆரம்பித்தது. தோட்டத்து மில் சின்னதுதானே என்று நினைத்துச் செலவு பண்ணிவிடாமல், முதல் இரும்புக் குழாயை வெட்டும் முன்னாடியே வனத்துறை அலுவலகத்தில் உரிமம் பற்றிக் கேட்டுவிடுங்கள். வரைபடம் விற்கிறவர் இதைச் சொல்லமாட்டார். அறுந்த பட்டை எந்தப் பக்கம் பறக்கும் என்பதையும் சொல்லமாட்டார். சக்கரங்களுக்கும் கைடுக்கு வெளியே உள்ள பட்டைக்கும் முழு மூடி போட்டாகணும்.

பட்டறைக்காரர் கடைசியில் ஒரு பக்கத்தை அறுத்தெடுத்து நகர்கிற கை வைத்தார். செஞ்சியில் லேத் பிடித்து இரண்டு உறை கடைந்தார், மிச்ச பேரிங்கெல்லாம் டப்பாவில் கிடக்கு. அதே வேப்பமரத்தின் அடிக்கட்டையில் முக்கால் அங்குலப் பலகைகள் நுனிக்கு நுனி ஒரு மி.மீ. வித்தியாசத்துக்குள் வந்தன. புதுசாக ரோலர் போட்டவர்களுக்கு ஒரு வேலை மட்டும் பாக்கி: முதல் கட்டை முடிந்ததும் மெஷினை நிறுத்தி, சக்கரங்கள் முழுசாக நின்றபின், ரோலர்களைத் தொட்டுப் பாருங்க. வெதுவெதுப்பாக இருந்தால் சரி. விரலை வைக்க முடியாத சூடு என்றால் தாழ்த்தின அளவு அதிகம், ஒரு மி.மீ. ஏத்திவிட்டு மறுபடி அறுங்க. ஒன்று சூடாகவும் இன்னொன்று பச்சைத்தண்ணி மாதிரியும் இருந்தால் பட்டை இரண்டாவது ரோலரைத் தொடவே இல்லை.